கிராங்க் புல்லிக்குள் இருக்கும் ரப்பர்

எண்ணூர் அசோக் லேலண்டின் ஊர். 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் 1955-இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. அதே 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூர் புல்லட்டின் ஊரானது. காசிமேட்டில் விசைப்படகுகள், துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் டிரெய்லர்கள், தெருவுக்குத் தெரு டீசல் கார்கள். இவ்வளவு இன்ஜின் ஓடும் வட்டாரத்தில் ஆயிலைப் பற்றியும் கிளட்ச் பிளேட்டைப் பற்றியும் இன்ஜெக்டரைப் பற்றியும் கருத்துச் சொல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. கிராங்கின் முன்முனையில் மாட்டியிருக்கும் டேம்பர் புல்லியைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. பெல்ட்டைச் சுற்றும் ஒரு சக்கரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் தளர்ந்துவிட்டால் அந்த இன்ஜினுக்கென்றே செய்த புதிய டேம்பரை மாட்டுவதுதான் தீர்வு. இடைக்கால வைத்தியம் எதுவும் நிலைமையை மோசமாக்கவே செய்யும். கார் என்றால், கொஞ்சம் கருவியும் பொறுமையும் உள்ளவர் இதை வீட்டு வாசலிலேயே மாற்றலாம்.

சிலிண்டருக்குள் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கிராங்கை ஓர் அடி அடிக்கிறது. கிராங்க் உறுதியான இரும்புதான். ஆனாலும் அந்த அடியில் இம்மியளவு முறுகி, மீண்டும் நேராகிறது. ஒரு டிகிரியில் சிறு பங்குதான் அந்த முறுக்கம். எண்ணிக்கையைப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டர்களில் எரிகிறது. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும் லாரியில் அது விநாடிக்கு 90 அடி. ஒரு மணி நேரத்துக்கு 3,24,000 அடி. முறுகி மீள்வதற்கென்று கிராங்குக்கு இயல்பான ஒரு வேகம் உண்டு. அடிகளின் வேகம் அதோடு ஒத்துப்போகும் ஆர்.பி.எம். வந்துவிட்டால், ஊஞ்சலை அது திரும்பும் நொடி பார்த்துத் தள்ளுவதுபோல, ஒவ்வோர் அடியும் முந்தைய முறுக்கத்தின் மேல் சேர்கிறது. பின்முனையைக் கனமான ஃபிளைவீல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் முன்முனைதான் அதிகம் ஆடும். டேம்பரை அங்கே மாட்டுவது அதற்காகத்தான். நடுவில் கிராங்கோடு இறுகிய ஹப், வெளியே கனமான இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் மெல்லிய ரப்பர். ஹப் முறுகும்போது வளையம் தன் கனத்தால் உடனே கூட வராது. அந்த இழுபறியில் ரப்பர் நெளிந்து, முறுக்கத்தின் வலிமையைச் சூடாக்கிக் கரைத்துவிடுகிறது. வளையத்தின் எடையும் ரப்பரின் விறைப்பும் அந்தந்தக் கிராங்குக்காகக் கணக்கிட்டு வைத்தவை.

“இன்ஜின் ஸ்மூத்தாகத்தானே ஓடுகிறது, டேம்பர் போனால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு விதமான ஆட்டங்களை ஒன்றாகப் பார்ப்பதால் வரும் கேள்வி இது. பழைய புல்லட்டில் ஏறினால் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிரும். ஒற்றைப் பிஸ்டன் ஓடித் திரும்புவதால் வண்டி முழுவதும் குலுங்கும் ஆட்டம் அது. அதன் கிராங்க் குட்டையானது, இரு பக்கமும் கனமான ஃபிளைவீல் கொண்டது. முறுகுவதற்கு அங்கே நீளமே இல்லை. 2020-இல் வந்த மீட்டியார் 350-இல் குலுக்கலைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட் வைத்தார்கள். அதன் வேலை வேறு. ஆறு சிலிண்டர் இன்ஜினின் கதை இதற்கு நேர்மாறு. பிஸ்டன்கள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் அது குலுங்காது. கிராங்க் நீளமானது என்பதால் முறுகும். அந்த முறுக்கம் ஓட்டுபவரின் கைக்குத் தெரியாது. டைமிங் செயினுக்கும் கியருக்கும் பேரிங்குக்கும் தெரியும். கடைசியாகக் கிராங்கில் ஒரு மயிரிழை விரிசல் விழும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கார்கள் வந்த புதிதில், இங்கிலாந்தில் இந்த அதிர்வு பெரும் தலைவலியாக இருந்தது. ரோல்ஸ் ராய்ஸின் ஹென்றி ராய்ஸும், டெய்ம்லருக்கு ஆலோசகராக இருந்த ஃபிரடெரிக் லான்செஸ்டரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிராங்க் டேம்பரை உருவாக்கினார்கள். லான்செஸ்டரின் காப்புரிமை 1910-ஐச் சேர்ந்தது. இன்னும் துலக்கமான சான்று 1929 மே மாதத்தில் கிடைத்தது. அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பல், தன் ஐந்து மேபாக் இன்ஜின்களில் நான்கை அடுத்தடுத்து இழந்து, பிரான்சின் தெற்கே துலோன் நகருக்கு அருகில் இறங்க நேர்ந்தது. கிராங்குகள் முறிந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பிய கப்பல் அது. இடையில் இன்ஜினின் கப்ளிங்கில் செய்த ஒரு மாற்றம், ஆபத்தான அதிர்வை இன்ஜின் வழக்கமாக ஓடும் வேகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது என்று பிறகு கண்டறிந்தார்கள். புல்லியில் சின்ன மாற்றம் செய்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

நம் பக்கத்து வண்டிகளுக்குத் தனியான சில காரணங்களும் சேர்கின்றன. ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை. சூட்டிலும் எண்ணெயிலும் வெறுமனே காலம் போவதாலும் இறுகி வெடிக்கிறது. துறைமுக வாசலில் வரிசை நகரக் காத்திருக்கும் டிரெய்லரின் கிலோமீட்டர் கணக்கு நின்றுவிடுகிறது, இன்ஜின் நிற்பதில்லை. கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் முதலில் நனைவது டேம்பர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் பரவியது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் நின்ற கார்களில் பிரேக்கையும் வயரிங்கையும் பார்த்தவர்கள் இந்த ரப்பரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் விளிம்பில் வெடிப்பு, பிதுக்கம், கருந்தூள் ஆகியவை தெரியும். இன்ஜின் ஓடும்போது வெளி வளையம் தள்ளாடும், பெல்ட் ஓரம் பிசிறும், கீச்சொலி வரும். சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்தி, ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம்வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். சில நாள் ஓட்டியபின் பாருங்கள். ஹப்பில் உள்ள கோடும் வளையத்தில் உள்ள கோடும் விலகியிருந்தால் ரப்பரின் பிடி போய்விட்டது என்று பொருள். டைமிங் குறி வெளி வளையத்தில் இருக்கும் இன்ஜின்களில், அந்தக் குறியும் இனிப் பொய் சொல்லும்.

விலை கேட்டதும் பலர் வேறு வழி தேடுகிறார்கள், அது புரிகிறது. வளையத்தை ஹப்போடு சேர்த்து வெல்டு வைத்தால் போதாதா? போதாது. நெகிழ்ந்து அதிர்வை விழுங்க வேண்டிய வளையம், வெல்டு வைத்தபின் கிராங்கின் முனையில் தொங்கும் வெறும் கனமாகிவிடுகிறது. அந்தக் கனம் கிராங்கின் இயல்பான அதிர்வு வேகத்தைக் கீழே இறக்குகிறது. கூடவே அதிர்வைத் தணிக்க இருந்த ஒரே பொருளும் போய்விடுகிறது. ரப்பர் இல்லாத லேசான அலுமினியப் புல்லி மாட்டினால் பிக்கப் கூடும் என்பார்கள். டேம்பர் தேவை என்று தயாரிப்பாளர் கணக்கிட்டு வைத்த இன்ஜினில் அதைக் கழற்றுவது, அந்தச் சில நொடி வேகத்துக்காகக் கிராங்கை அடகு வைப்பதாகும். புதுப்பேட்டையில் பழையது வாங்கலாமே என்பது மூன்றாவது யோசனை. இரும்பு உதிரிகளுக்குப் புதுப்பேட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கிடைக்கும் டேம்பரின் ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான் இருக்கும், சில நேரம் கூடவும் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்ஜின் எண்ணைச் சொல்லி, பார்ட் நம்பர் பொருந்தும் புதியதை வாங்குவதுதான் சரி. எல்லா இன்ஜினிலும் ரப்பர் புல்லி இருக்காது என்பதும் உண்மை. சில சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் வெறும் புல்லிதான் வரும். அவற்றுக்கு இந்தச் செலவே இல்லை.

இனி வேலை. சமமான சிமென்ட் தரையில் காரை நிறுத்தி, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். மணல் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, முன்சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடுத்தால் புல்லி கண்ணுக்கு நேரே வரும். பெல்ட் ஓடும் பாதையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். நடு போல்ட்தான் முதல் சோதனை. கடற்காற்றில் துருவேறியிருக்கும், அதனால் துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தைய இரவே அடித்துவிடுங்கள். ஃபிளைவீலைப் பிடிக்கும் லாக் கருவி போட்டு, நீண்ட கைப்பிடியால் ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வித்தை சிலர் செய்வது. ஸ்பேனர் நழுவினால் கையோ ரேடியேட்டரோ போகும், வேண்டாம். சில இன்ஜின்களில் போல்ட் இடது மரை. இன்னும் சிலவற்றில் டைமிங் கியரைப் பிடித்திருப்பதே இந்த போல்ட்டின் இறுக்கம்தான், கீ கிடையாது. போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் நகர்ந்துவிடும். உங்கள் இன்ஜின் இந்த இரண்டில் ஒன்றா என்று சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் தொடங்காதீர்கள். கீ இல்லாத வகையென்றால் டைமிங் லாக் கருவி இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.

அடுத்து, புல்லியை இழுத்தெடுக்கும் புல்லர். அதன் போல்ட்டுகள் ஹப்பில் உள்ள மரைத் துளைகளில்தான் இறங்க வேண்டும். வெளி வளையத்தைக் கவ்வி இழுக்கும் மூன்று கால் புல்லர் ரப்பரைக் கிழித்துவிடும். கழன்று வந்த ஹப்பைத் துடைத்து, ஆயில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஆயில் அங்கேதான் கசிந்திருக்கும். எப்படியும் கழற்றிவிட்ட நிலையில் புதிய சீலையும் போட்டுவிடுவதே மேல், உதட்டில் ஒரு துளி ஆயில் தடவி. புதியதை ஏற்றும்போது சுத்தியல் அருகிலேயே வேண்டாம். ஒவ்வோர் அடியும் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும். கீ பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, ஏற்றும் கருவியால் மெல்ல இழுத்து உட்கார வையுங்கள். நுனி மரையில் மட்டும் பிடித்த போல்ட்டால் இழுத்தால் கிராங்கின் உள்மரை உரிந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு டேம்பர் விலையைப்போலப் பல மடங்கு. ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை போல்ட் என்றால் புதிய போல்ட்தான். இறுக்கத்தை டார்க் ரென்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கே வையுங்கள். கைக்கணக்கு இங்கே உதவாது.

லாரிக்கும் படகுக்கும் இதே வேலையை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். எடையும் இறுக்கமும் வேறு, பல பெரிய டீசல் இன்ஜின்களில் டேம்பரின் வகையும் வேறு. மூடிய பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் மிதக்கும் வளையம் அது. வெளியே வெடிப்போ தூளோ தெரியாமலேயே உள்ளே திரவம் கெட்டியாகி வேலை நின்றுவிடும். சுத்தியலோ ஜாக்கியோ பட்டு பெட்டி நசுங்கினாலும் அதே கதிதான். இத்தகைய டேம்பருக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் பொதுவாக 15,000 மணி நேரத்தை ஒட்டியது. நாள் கணக்கில் கடலில் தங்கி ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடும் படகுக்கு அது நான்கு ஆண்டுகூட வராது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகளையும் இன்ஜின்களையும் பழுதுபார்க்கிறார்கள். இன்ஜினைப் பிரிக்கும் அந்த நாட்களில் எஸ்டிமேட்டில் பிஸ்டன், லைனர், பேரிங் வரிசையில் டேம்பரையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர் படகு உரிமையாளர்தான். மெக்கானிக் தானாக எழுதுவது குறைவு. கரையில் வைத்து முடுக்கிப் பார்க்கும்போது பழைய டேம்பரோடும் இன்ஜின் நன்றாகவே ஓடிக் காட்டும்.