சேஸில் கை வைக்கும் முன்: ராக் ஸ்லைடர் பொருத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் யூ-போல்ட் கண்ணில் படும். புது சேஸ் வந்து இறங்கியதும் அதன் மீது நீளவாட்டில் சட்டம் வைத்து, யூ-போல்ட் மாட்டி இறுக்கி, அதற்கு மேல்தான் பாடியை எழுப்புகிறார்கள். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே என்பது லாரி கம்பெனிகள் பாடி கட்டுவோருக்குத் தரும் கையேடுகளில் அழுத்தமாகச் சொல்லப்படும் விதி. இந்த ஊரிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் போர்வெல் ரிக் வண்டிகளிலும் டன் கணக்கான பாரத்தைத் தாங்குவது லாரியின் சேஸ்தான். அதைப் பதம் கெடாமல் காப்பது இங்கே தொழில் ஒழுக்கம்.

அதே ஊரில் இப்போது தார், ஜிம்னி, கூர்க்கா வாங்கியவர்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தார்ச்சாலைதான். அதற்கு எந்தக் கவசமும் வேண்டாம். கரடுமுரடான பாறைத் தடத்தில் இறங்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் ராக் ஸ்லைடர் தேவைப்படுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்குக் கீழே ஓடும் கனத்த இரும்புக் குழாய் அது. வண்டி பாறையில் உட்கார்ந்துவிட்டால் கதவடித் தகடு நசுங்காமல் வண்டியின் பாரத்தைத் தான் ஏந்தி, சறுக்கிக்கொண்டு போக வைப்பது அதன் வேலை. அதை போல்ட் போட்டு மாட்டுவதா, வெல்டிங் வைத்துப் பற்றவைப்பதா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஓர் ஏமாற்றைச் சொல்லியாக வேண்டும். ஏறி இறங்கக் கால் வைக்கும் சைடு ஸ்டெப்பைக் கறுப்புப் பெயின்ட் அடித்து ராக் ஸ்லைடர் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சைடு ஸ்டெப் ஓர் ஆளின் எடைக்கானது. பெரும்பாலும் பாடியின் மெல்லிய தகட்டில் தொங்கும். ஸ்லைடர் தாங்க வேண்டியதோ வண்டியை. இருப்பதிலேயே இலகுவான ஜிம்னியே ஏறக்குறைய 1,200 கிலோ. தார் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பணம் கொடுக்கும் முன், பட்டறையிலேயே ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விடும் வரை தூக்கச் சொல்லுங்கள். குழாய் வளையக் கூடாது. கதவடித் தகட்டில் இடிக்கக் கூடாது. கதவு முன்பு போலவே திறந்து மூட வேண்டும். இந்தச் சோதனைக்குத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டிக்குத் தனி சேஸ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தார், ஜிம்னி, கூர்க்கா, பொலிரோ, ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் எல்லாம் ஏணிச் சட்டம் போன்ற தனி சேஸின் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். டஸ்டர், கிரெட்டா, எக்ஸ்யூவி 700 போன்றவற்றில் பாடியும் சேஸும் ஒரே கூடு. அங்கே பிடித்துக்கொள்ளத் தனிச் சட்டம் இல்லை; கதவுக்குக் கீழே ஒட்டிய தகட்டில் பற்றவைத்தால் முதல் பாறையிலேயே ஸ்லைடர் மேலே ஏறி, காப்பாற்ற வேண்டிய தகட்டைத் தானே கிழிக்கும். இவ்வகை வண்டிக்காரர்கள் ராக் ஸ்லைடர் ஆசையை விட்டுவிடுவதே பணத்துக்கு நல்லது.

வெல்டிங்கை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நன்றாக வைத்த வெல்டிங் தளர்வதில்லை, ஆட்டம் கொடுப்பதில்லை. கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்கென்றே உருவாக்கும் ஜீப்புகளுக்கு அது பொருந்தும். அவற்றை யாரும் வாரன்டிக்காக ஷோரூமுக்கு ஓட்டிப்போவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் எடுப்பதில்லை.

தினசரி ஓடும் வண்டியின் கதை வேறு. இன்றைய சேஸ்கள் உறுதி கூட்டிய எஃகால் ஆனவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டிய பகுதியில் அந்த எஃகின் குணம் மாறிவிடும். விரிசல் பிறக்கும் இடமும் பெரும்பாலும் அந்த ஓரம்தான். அதிலும் சட்டத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக வைக்கும் வெல்டிங் மிக மோசம். சேஸ் ஓட்டத்தில் வளைந்து நிமிரும்போது இழுவை முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். சேஸின் உள்பக்கப் பூச்சு வெந்து உதிர்வதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. துரு உள்ளிருந்து தின்னும். பக்கத்திலேயே எரிபொருள் பைப்பும் பிரேக் பைப்பும் வயரிங்கும் ஓடுகின்றன. ஒரு பொறி போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமலும், எர்த் கிளாம்பை வெல்டிங்குக்கு அருகில் மாட்டாமலும் வேலை செய்தால், மின்சாரம் தவறான வழியில் பாய்ந்து எஞ்சினை ஆளும் இசியூவையோ ஏர்பேக் கட்டுப்பாட்டையோ கெடுக்கக்கூடும். துத்தநாகம் பூசிய இரும்பில் வெல்டிங் வைத்தால் எழும் புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். பட்டறைப் பையன்களின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

போல்ட் முறையிலும் அலட்சியத்துக்கு இடமில்லை. கம்பெனியே சேஸில் விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்தும் வடிவமா, புதுத் துளை போடும் வடிவமா என்று முதலில் கேளுங்கள். புதுத் துளை என்றால் வேண்டாம். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். பாரம் ஓரிரு புள்ளிகளில் குவியாமல் பரவ அகலமான பட்டைத் தகடு வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தகட்டுக்கும் சேஸுக்கும் நடுவே சேறு தங்கும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் கழற்றிக் கழுவிப் பெயின்ட் தொட்டுவைப்பது நல்லது. அப்படிக் கழற்ற முடிவதுதான் இதன் பெரிய பலம். அடிபட்டு வளைந்தால் மாற்றலாம், சர்வீஸுக்கு முன் எடுத்துவிடலாம், அதிகாரி ஆட்சேபித்தால் அன்றைக்கே இறக்கலாம். சாதாரண உரிமையாளருக்கு, சேஸில் மாட்டும் போல்ட் வகைதான் சரி. லாரி பாடிக்கு இந்த ஊர் கடைப்பிடிக்கும் நியாயம் காருக்கும் பொருந்தும்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க புல் பாரைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் லாரிகளில் பக்கவாட்டுத் தடுப்பு கட்டாயம், அதற்கு இந்தியத் தரநிலையும் உண்டு. ஏனென்றால் அது பக்கத்தில் வருபவர் சக்கரத்துக்கடியில் போகாமல் காக்கிறது. கார் ஸ்லைடர் காப்பது வண்டியை மட்டுமே. ஆகவே பாடியின் அகலத்துக்கு வெளியே ஓர் அங்குலமும் நீட்ட விடாதீர்கள். சங்ககிரி சாலை நெரிசலில் உரசிப்போகும் டூவீலர்காரரின் முழங்கால் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். பொருத்துவதற்கு முன்பே, வடிவத்தின் படத்தோடு திருச்செங்கோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் மறுப்புக்குக் காரணமாகும். மறுத்துவிட்டார்கள் என்பதற்காகச் சோர வேண்டாம். தனிப்பட்ட உபயோக பாலிசி உள்ள காரை வாடகைக்கு ஓட்டிய ஒரு வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் முழுவதுமாக மறுக்கக் கூடாது என்று சொல்லி 75 சதவீதம் வரை கொடுக்கும் வழியைக் காட்டியது. விபத்துக்கும் ஸ்லைடருக்கும் தொடர்பே இல்லை என்றால் அதை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மனு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பட்டறை வேலை கெட்டுப்போனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. ஆனால் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். குழாயின் தடிமன், இரும்பின் வகை, மாட்டிய முறை, எடை, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் சேஸைப் படம் எடுத்துவையுங்கள். விரிசல் கண்டால் உடனே வேறு பட்டறையில் அறுத்து எடுத்துவிடாதீர்கள்; சாட்சி அதோடு போய்விடும். முதலில் தகுதியுள்ள மோட்டார் சர்வேயரின் அறிக்கை, பிறகு பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நோட்டீஸுக்கு முன்பு 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தால், சில தகராறுகள் பேச்சிலேயே முடிந்துவிடுகின்றன.