எந்த கேம் பெட்டி ஜெயிச்சுது?

"பிளே ஸ்டேஷன்தான் பெஸ்ட்", "போடா, எக்ஸ் பாக்ஸ்தான் பவர்" என்று இடைவேளையில் சண்டை நடக்காத நாளே இல்லை. விற்பனைக் கணக்கைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோமா?

2000-ல் சோனியின் பிளே ஸ்டேஷன் 2 வந்தது. மறு வருஷமே மைக்ரோசாஃப்டின் எக்ஸ் பாக்ஸும், நின்டெண்டோவின் கேம் கியூபும் போட்டிக்கு வந்தன. பவரில் எக்ஸ் பாக்ஸ்தான் முதலிடம். ஆனால் விற்றது எவ்வளவு தெரியுமா?

★ எக்ஸ் பாக்ஸ் – சுமார் 2.4 கோடி
★ கேம் கியூப் – சுமார் 2.2 கோடி
★ பிளே ஸ்டேஷன் 2 – 16 கோடிக்கு மேல்!

காரணம் என்ன? எக்ஸ் பாக்ஸுக்கு 'ஹேலோ', கேம் கியூபுக்கு மரியோ கைகொடுத்தது. சோனியிடமோ 'காட் ஆஃப் வார்', 'கிரான் டுரிஸ்மோ' என்று அதில் மட்டுமே ஓடும் கேம்கள் வரிசையாக இருந்தன. பழைய பிளே ஸ்டேஷன் டிஸ்க்கும் அதில் ஓடும். டி.வி.டி. போட்டு சினிமாவும் பார்க்கலாம்!

நம்ம நாட்டுக்கென்றே 2009-ல் பிளே ஸ்டேஷன் 2-க்கு இரண்டு கேம்கள் வந்தன. 'ஹனுமான்: பாய் வாரியர்' ஐதராபாத்தில் உருவானது. 'தேசி அட்டா'வில் கபடியும் கிட்டிப்புள்ளும் இருந்தன.

ஆக, பெட்டியின் பவரைவிட அதில் ஓடும் கேம்தான் முக்கியம். இப்போது பல கேம்கள் கம்ப்யூட்டருக்கும் வருகின்றன. பிளே ஸ்டேஷன் 5 வாங்க 2025-ல் சுமார் 50,000 ரூபாய் வேண்டியிருந்தது. அதனால் வீட்டில் அடம் பிடிக்கும் முன், நமக்குப் பிடித்த கேம் வேறு எதிலும் ஓடாதா என்று பார்த்துவிடுங்கள்.

கிட்டிப்புள் மட்டும்தான் வேணுமா? முசிறி காவிரிக்கரையில் அது இன்னைக்கும் ஃப்ரீ!