'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்



உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாட்டை ஆங்கில நாளேடுகள் 'பரையா ஸ்டேட்' என்கின்றன. அகராதியைப் புரட்டினால் அச்சொல்லின் வேர் தமிழ் என்றிருக்கும். அது பறையர் என்னும் நம் மக்களின் பெயர்.

புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் ஒரு குடியாக எண்ணுகிறது. அதில் இழிவு இல்லை. 'பறை' என்றால் இசைக்கருவி. சொல்லுதல் என்றும் பொருளுண்டு. மலையாளத்தில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது.

17ஆம் நூற்றாண்டில் பயண நூல்கள் வழியே ஆங்கிலத்துக்குள் போன இப்பெயர், 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட எவரையும் சுட்டும் பொதுச்சொல்லானது. சமூகவியலில் மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்றார். ஒதுக்கியவர் யார் என்ற கேள்வி மட்டும் வழியிலேயே உதிர்ந்துபோனது.

விளைவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் 'பரையா ஸ்டேட்' என்றே அழைத்தார்கள். மனிதரை நிறத்தால் ஒதுக்கிய அரசுக்கு, பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்! கொடுமை செய்து தனிமைப்பட்டவருக்கும் கொடுமைக்கு ஆளாகித் தனிமைப்பட்டவருக்கும் ஒரே சொல்லா?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயரிட்டே இதழ் தொடங்கினார். அயோத்திதாசர் அப்பெயரை ஏற்க மறுத்தார். வழிகள் வேறானாலும், நம் பெயரை நாமே முடிவுசெய்வோம் என்பதில் இருவரும் ஒன்றே. அந்த உரிமையோடு கேட்கிறோம்: குற்றமிழைத்த அரசைக் குற்றவாளி அரசு என்றே எழுதுங்கள். எங்கள் பெயரை வசைச்சொல்லாக்காதீர்கள்.