வீட்டுக்காரரின் கத்தரிக்கோல்

இணையதளங்கள் தனியார் சொத்து. அங்கே எதை வெட்டுவது என்பதை முதலாளி தீர்மானிக்கிறாரா, அரசாங்கம் தீர்மானிக்கிறதா?

அந்தப் புகைப்படம் 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்டது. கூட்டம் மொத்தமும் கையை உயர்த்தி ஹிட்லர் பாணி வணக்கம் செலுத்துகிறது. ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாஜிகளை வணங்க மறுத்தவர் என்பதற்காகவே உலகம் பாதுகாத்து வைத்திருக்கும் படம். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அதைத் தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். 2019 அக்டோபரில், அது வெறுப்பைப் பரப்பும் படம் என்று சொல்லி ட்விட்டர் அவருடைய கணக்கை முடக்கியது.

ஹெக்டே தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ட்விட்டரின் பதில் சுருக்கமானது: நாங்கள் தனியார் கம்பெனி, பொதுப்பணி எதையும் செய்யவில்லை, எனவே எங்கள் மீது ரிட் மனு செல்லாது. அசட்டு வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு கட்டிப்போடுவது அரசைத்தான். சொந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று வீட்டுக்காரர் சொல்வதை அது தடுப்பதில்லை. ஊரே வந்து உட்காரும் திண்ணையாக அது ஆகிவிட்டதுதான் சிக்கல்.

ஆனால் வீட்டுக்காரரும் நிம்மதியாக இல்லை. 2004 டிசம்பரில் பாஸி டாட் காம் என்ற ஏல விற்பனைத் தளத்தின் தலைவர் அவ்னீஷ் பஜாஜை தில்லி போலீஸ் கைது செய்தது. ஆபாச வீடியோ ஒன்றை யாரோ ஒருவர் அந்தத் தளத்தில் விற்பனைக்கு வைத்திருந்தார். அதற்காகச் சிறைக்குப் போனவர் பஜாஜ். இணையக் கம்பெனிகள் அரண்டுபோயின. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது அதன் 79ஆவது பிரிவு அவற்றுக்குக் குடை பிடித்தது: பிறர் போடும் சரக்குக்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் அது சட்ட விரோதமானது என்று தெரியவந்த பிறகும் நீக்காவிட்டால் குடை பறிபோகும்.

சட்டம் இந்தக் கம்பெனிகளை இடையில் நிற்பவர்கள் என்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பழைய சொல் நினைவுக்கு வரும்: வாயில். அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய்வரும் தோழியும் பாணனும் வாயில்கள்தான். அதே சொல்லுக்குக் கதவு இருக்கும் இடம் என்றும் பொருள்.

கதவு எவ்வளவு சீக்கிரம் சாத்திக்கொள்ளும்? பெங்களூரில் இருக்கும் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் 2011இல் சோதித்துப் பார்த்தது. அந்த ஆண்டுதான், புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருந்தது. எழுதியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றோ, தவறாக நீக்கியதைத் திரும்ப வைக்க வேண்டும் என்றோ அந்த விதிகளில் ஒரு வார்த்தை இல்லை. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஓட்டை உடைசலான புகார்களைத் தயாரித்து ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஆறு நிறுவனங்கள் கேட்டதற்கும் அதிகமாகவே செய்தன. ஒரு செய்தித் தளத்திடம் தெலங்கானா பற்றிய கட்டுரையின் கீழ் வாசகர் எழுதியிருந்த ஒரேயொரு கருத்தை நீக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அத்தனை வாசகர் கருத்துகளும் போய்விட்டன. மறுத்தது ஒரே ஒரு விற்பனைத் தளம். குழந்தைகளுக்கான டயப்பர் சிறார்களுக்குத் தீங்கு என்ற புகார் அது! டயப்பருக்காக வாதாட ஆள் இருந்தது, அதில் காசு இருக்கிறது. வாசகர் கடிதத்தில் என்ன இருக்கிறது?

கம்பெனிகளை மட்டும் வில்லனாக்குவதும் சரியல்ல. வைத்திருந்தால் வழக்கு, நீக்கினால் வம்பில்லை என்று விதி எழுதிவிட்டு, அவர்களிடம் வீரத்தை எதிர்பார்ப்பது வேடிக்கை.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டது. யாரோ அனுப்பும் புகார் போதாது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் 'தெரியவந்ததாக' அர்த்தம் என்றது. தனியார் புகார்க்காரர்களின் கை ஒடுங்கியது. அரசின் கை ஒடுங்கவில்லை. 2024இல் உள்துறை அமைச்சகம் தொடங்கிய சஹ்யோக் என்ற இணைய வாசல் வழியாக, 79ஆவது பிரிவையே காட்டி நீக்கச் சொல்லும் நோட்டீஸ்கள் பறக்கின்றன. குடை என்று கொடுத்ததே பிரம்பாகிவிட்டது.

இதை எதிர்த்து, ட்விட்டரின் வாரிசான எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று மனு தள்ளுபடியானது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று: 19ஆவது பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு உரியது, வெளிநாட்டுக் கம்பெனி அதைக் கோர முடியாது. ஹெக்டேயிடம், நீ சொல்லும் உரிமை என்னைக் கட்டுப்படுத்தாது என்ற அதே கம்பெனிக்கு, அந்த உரிமை உனக்கும் கிடையாது என்று பதில் கிடைத்தது. மேல்முறையீடு செய்யப்போவதாக எக்ஸ் அறிவித்தது.

அந்த உரிமைக்குச் சொந்தக்காரரான குடிமகன், அரசுக்கும் கம்பெனிக்கும் நடக்கும் இந்த நோட்டீஸ் போக்குவரத்தில் எங்கேயும் இல்லை. அவருடைய பக்கத்தைத் தேடிப் போகும் வாசகருக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுதான் தெரிகிறது. சட்டரீதியான கோரிக்கையை ஏற்று இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்கிறது அது. கோரியவர் யார் என்று அதில் இருப்பதில்லை.