சேலத்துப் பூமி ஏன் அதிர்கிறது, அதிர்ந்த பிறகு என்ன?

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே முக்கால் மணி வாக்கில் சேலம், ஓமலூர், காடையாம்பட்டி, மேட்டூர் பகுதிகளிலும் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் சில ஊர்களிலும் ஒரு பெரும் சத்தம் கேட்டது. சத்தத்தோடு தரையும் அதிர்ந்தது. அடுக்களை அலமாரியில் இருந்த பாத்திரங்கள் உருண்டன. சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றது. ரிக்டர் அளவில் 3.3 என்று பிறகு அறிவிப்பு வந்தது. பெரிய சேதம் இல்லை. அன்று மாலைக்குள் செய்தி ஓய்ந்துவிட்டது.

தெருவில் நின்றவர்களின் கேள்விகள் ஓயவில்லை. குவாரி வெடியா? மேட்டூர் அணை நிரம்பியதாலா? ஊரெல்லாம் ஆயிரம் அடிக்கு போர் போட்டதாலா? இன்னொன்று வருமா? ராத்திரி வீட்டுக்குள் படுக்கலாமா? ஒவ்வொரு அதிர்வுக்குப் பிறகும் இதே கேள்விகள் எழுகின்றன, ஒவ்வொரு முறையும் "பயப்பட வேண்டாம்" என்ற ஒற்றை வரியே பதிலாகக் கிடைக்கிறது. அந்த வரி பொய்யில்லை, ஆனால் போதாது. காரணம் தெரியாமல் பயம் போகாது. அதைவிட முக்கியம், இந்த வட்டாரத்தில் செய்துவைத்துக்கொள்ள வேண்டிய சில காரியங்கள் அந்த ஒற்றை வரியில் மறைந்துபோகின்றன.

முதலில் 3.3 என்றால் என்ன என்று பார்ப்போம். இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். தமிழகத்தில் பதிவான அதிர்வுகளில் மிகப் பெரியது 1900 பிப்ரவரி 8 அன்று விடிவதற்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏற்பட்டது. அதன் அளவு சுமார் 6.0 என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. சேலத்தில் 2018ல் வந்ததைப் போன்ற அதிர்வு பத்தாயிரத்துக்கும் மேல் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த ஒரு கோவை அதிர்வின் ஆற்றல் வரும். ஆகவே 3.3க்குச் சுவர் இடியாது. பழைய விரிசல் இருந்தால் கொஞ்சம் விரியலாம், காரை உதிரலாம். ஆனால் கோவையும் சேலமும் ஒரே பாறைப் பட்டையை ஒட்டிய ஊர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டைதான் விஷயத்தின் மையம். பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி கோவை, பவானி, சங்ககிரி, நாமக்கல், சேலம், ஆத்தூர் எனக் கிழக்கே போகும் நிலத்துக்கு அடியில் பழைய பிளவுகள் பல ஓடுகின்றன. புவியியலாளர்கள் இதைப் பாலக்காடு–காவிரிப் பட்டை என்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவானபோது இரு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தையல் இது என்பது அவர்களில் பலரின் கருத்து. அந்த மோதலின் தடயங்கள் நம் கண்முன்னேயே கிடக்கின்றன. கஞ்சமலையின் இரும்புத்தாது, சேலத்தின் வெள்ளைக்கல், சங்ககிரி – திருச்செங்கோடு கருங்கல் எல்லாம் இந்த வட்டாரத்தின் பழைய ஆழங்களிலிருந்து மேலே வந்தவை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயானுக்காகச் செயற்கை நிலவு மண் தயாரித்தது. அவ்வளவு பழைய நிலம் இது.

பழையது என்றால் அசையாதது என்று நினைத்துவிடுகிறோம். இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்ந்து இமயத்தின் அடியில் முட்டுகிறது. அந்த அழுத்தம் தட்டின் உள்பகுதிக்கும் வருகிறது. வந்து சேரும் இடம் ஏற்கெனவே பலவீனமான பழைய பிளவுகள்தான். அங்கே பாறை எப்போதாவது சில சென்டிமீட்டர் வழுக்கினாலே மேலே நமக்கு அதிர்வு. இமயத்தில் அடிக்கடி நடப்பது இங்கே அரிதாக நடக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

சத்தம் ஏன் வருகிறது என்பதற்கும் இந்தப் பாறையே காரணம். காவிரிக் கழிமுகத்தில் வண்டலும் மணலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் சில அடி தோண்டினாலே பாறை தட்டுகிறது. கெட்டிப்பாறை வேகமான, குறுகிய அலைகளைத் தேயவிடாமல் கடத்தும். அவை மேற்பரப்பை எட்டிக் காற்றில் கலக்கும்போது காதுக்கு 'டமார்' என்று கேட்கும். அதனால்தான் இங்கே அதிர்வு நீண்ட ஆட்டமாக இல்லாமல் ஒரே உதறலாக வருகிறது. "குவாரியில வெடி வெச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று முதலில் எல்லாரும் சொல்வதில் தப்பில்லை. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சூலூர் பக்கம் போர் விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்தாலும் இதே குழப்பம்தான் வரும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. நில அதிர்வில் இரண்டு அலைகள் வருகின்றன. முதலாவது நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மெல்லத் தட்டும். இரண்டாவது அதைவிட மெதுவாக வந்து பக்கவாட்டில் உலுக்கும். இரண்டுக்கும் இடையில் எத்தனை நொடி என்று மனதுக்குள் எண்ணி எட்டால் பெருக்கினால் அதிர்வின் மையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது ஏறக்குறைய வந்துவிடும். மூன்று நொடி என்றால் சுமார் 24 கிலோமீட்டர். ஓமலூரில் இருப்பவர் இரண்டு நொடி எண்ணி, நாமக்கல்லில் இருப்பவர் ஏழு நொடி எண்ணினால், மையம் எந்தப் பக்கம் என்பதைக் கருவி இல்லாமலே ஊகிக்கலாம். நாயும் கோழியும் முன்கூட்டியே அலறுவதாகச் சொல்வதும் இதனால்தான். நாம் கவனிக்காத அந்த முதல் தட்டை அவை உணர்ந்துவிடுகின்றன. குவாரி வெடியில் இந்த இரட்டைத் தட்டல் பிரித்துணரும் அளவுக்கு இருக்காது, அக்கம்பக்கத்து ஊர்களைத் தாண்டியும் போகாது.

போர்வெல் சந்தேகம் திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் நாட்டில் எழுவது இயல்பு. ஆயிரம் அடி என்பது 300 மீட்டர். அதிர்வுகள் பிறப்பதோ பல கிலோமீட்டர் ஆழத்தில். துளை போடுவதால் பூமி நடுங்காது. நிலத்தடி நீரை அளவுமீறி இறைப்பது வேறு கேள்வி. ஸ்பெயினின் லோர்கா நகரில் 2011 மே மாதம் 5.1 அளவில் அதிர்வு வந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே பல பத்தாண்டுகளில் நீர்மட்டம் சுமார் 250 மீட்டர் இறங்கியதோடு அதைத் தொடர்புபடுத்தி மறு ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. சேலத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அளந்து பார்க்க வேண்டிய ஒன்று.

மேட்டூர் கேள்வியை இதைவிடக் கவனமாக அணுக வேண்டும். 2018 ஜூலையில் கர்நாடக அணைகள் நிரம்பிக் காவிரியில் வெள்ளம் வந்து, மேட்டூர் நீர்மட்டம் மளமளவென்று ஏறியது. அதிர்வு வந்தது ஜூலை 22. அணை தன் முழு அளவான 120 அடியைத் தொட்டது மறுநாள், ஐந்து ஆண்டுகளுக்குப் பின். 93 டிஎம்சிக்கு மேல் தண்ணீர். நாள் இப்படிப் பொருந்தும்போது யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் 1962ல் தண்ணீர் தேக்கத் தொடங்கிய பிறகு அதிர்வுகள் தலைகாட்டின. 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் வந்த ஒன்று சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோனது. அணைநீர் நில அதிர்வைத் தூண்டும் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் அது. தண்ணீரின் எடை பாறையை அழுத்துகிறது. கூடவே நீர் பிளவுகளில் இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் இரு பரப்புகளையும் வழுக்கவிடுகிறது.

ஆனால் மேட்டூர் 1934 முதல் நிரம்பியும் வற்றியும் வருகிறது. பல பத்து முறை 120 அடியை எட்டியிருக்கிறது. கொய்னாவைப் போல ஒவ்வொரு முறையும் அதிர்வு தொடர்ந்ததில்லை. ஒரு தடவை நாள் பொருந்தியதை வைத்து அணையைக் குற்றவாளியாக்குவது சரியல்ல. அதே சமயம், நீர்மட்டக் கணக்கையும் சிற்றதிர்வுக் கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாலொழிய இந்தச் சந்தேகம் தீராது. நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. சிற்றதிர்வுக் கணக்கும் அதேபோல மக்கள் கைக்கு வர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அடுத்தது, பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி: இன்னொன்று வருமா? ஜப்பானிய அறிவியலாளர் ஓமோரி 1894ல் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாள் ஆக ஆகச் சரிந்துகொண்டே போகும். முதல் நாளில் பத்து என்றால், பத்தாம் நாளில் ஒன்று என்ற விகிதம். பின்னதிர்வுகளில் மிகப் பெரியதுகூடப் பொதுவாக முதல் அதிர்வைவிட ஒரு எண்ணுக்கு மேல் குறைந்தே இருக்கும். 3.3க்கு அந்தக் கணக்குப்படி வருவது 2.1 அளவில் ஒன்று. அது கருவிக்குத் தெரியும், பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஆகவே அன்றிரவு சேலத்துக்காரர்கள் வீட்டுக்குள் படுத்தது சரியான முடிவு.

இந்த விதிக்கு அடங்காதவையும் உண்டு. 2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் அதிர்ந்தது. அதோடு நிற்காமல் டிசம்பரிலும் பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரத்துக் கிராமங்களில் அதிர்வுகள் மாறி மாறி வந்தன. மக்கள் வீட்டுக்குள் போகப் பயந்து வெளியே கிடந்தார்கள். அதே டிசம்பரில் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூரிலும் சிற்றதிர்வுகள். அந்த ஆண்டின் பெருமழை பாறைப் பிளவுகளில் இறங்கியதே காரணம் என்று அங்குள்ள வல்லுநர்கள் கருதினார்கள். மகாராஷ்டிரத்தின் பால்கரில் 2018 நவம்பரில் தொடங்கிய அதிர்வுக்கூட்டம் ஆயிரக்கணக்கில் நீண்டது. அங்கே 2019 பிப்ரவரியில் 4.1 அளவில் வந்த நாளில் பறிபோன உயிர் ஒரு குழந்தையுடையது. இடிபாட்டில் சிக்கி இறக்கவில்லை, பயந்து ஓடும்போது விழுந்து இறந்தது.

பயம் உடம்பிலும் தங்கும். ஜப்பானில் 2011ல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதிர்வே இல்லாத நேரத்திலும் தரை ஆடுவதாக உணர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் வந்தன. காதின் சமநிலை உறுப்பும் பதற்றமும் சேர்ந்து செய்யும் வேலை அது. நாமக்கல் புறவழிச்சாலையை ஒட்டி வீடு இருப்பவருக்கு ராத்திரி பாரம் ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் நெஞ்சு பதறும். குவளையில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். நீர் அசையவில்லை என்றால் ஆடியது தரை இல்லை. பெரியவர்களையும் பிள்ளைகளையும் "சும்மா இரு" என்று அதட்டுவதைவிட இது பலன் தரும்.

எவ்வளவுதான் கணக்குப் பார்த்தாலும் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் நம்மைப் போலவே தீபகற்பத்தின் உள்ளே இருக்கும் ஊர். அங்கே 1992ல் சிற்றதிர்வுகள் பல வந்தன, பிறகு ஓய்ந்தன. மறு ஆண்டு, 1993 செப்டம்பர் 30 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், 6.2 அளவில் பூமி குலுங்கிப் பல ஆயிரம் பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அன்றைய வரைபடத்தில் அந்த ஊர் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில் இருந்தது. சிற்றதிர்வு வந்த ஊர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பெரியது வருவதில்லை. எந்த ஊரில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் "இன்று இரவு 12 மணிக்கு" என்று தேதி நேரத்தோடு வருவது எதுவானாலும் பொய்.

கில்லாரியில் ஆளைக் கொன்றது சுவர். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவரும் அதன்மேல் ஏற்றிய மண்கூரையும். நம் பக்கத்துப் பழைய கருங்கல் வீடுகளில் மண்சாந்துச் சுவர் இன்னும் இருக்கிறது. 2002ல் திருத்திய இந்தியத் தர நிர்ணய வரைபடம் சேலத்தை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயப் பகுதியில் வைத்தது. அந்த மண்டலத்தில் கட்டும் கான்கிரீட் கட்டடத்துக்குக் கம்பி வேலையில் தனி விதிகள் உண்டு. அவற்றில் ஒன்றை எந்த வீட்டுக்காரரும் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். தூண் கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனை எப்படி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் செங்கோணமாக மடித்து விட்டுவிடுகிறார்கள். குலுக்கலில் அந்த மடிப்பு வாய் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கான்கிரீட் உதிரும். முனை 135 டிகிரிக்குத் தூணின் உட்புறமாக வளைய வேண்டும். தூணும் பீமும் சேரும் இடத்தருகே ரிங்குகள் நான்கு அங்குல இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. இதற்குக் கூடும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறியது. மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கான்கிரீட் போட்டபின் யாராலும் பார்க்க முடியாது.

செங்கல், ஹாலோபிளாக் வீடுகளுக்கு லிண்டல் பீம் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே துண்டு துண்டாக நிற்காமல் வீடு முழுக்கச் சுற்றி வர வேண்டும். கார் நிறுத்தக் கீழ்த்தளத்தில் வெறும் தூண்களை விட்டு மேலே மூன்று மாடி எழுப்பும் பழக்கம் சேலம் நகரிலும் பரவிவிட்டது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் சரிந்த கட்டடங்களில் பல இப்படிக் கட்டியவை.

கட்டி முடித்த வீட்டில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. பரணில் கட்டிலுக்கு நேர்மேலே இருக்கும் அண்டாவையும் இரும்புப் பெட்டியையும் இறக்கிவையுங்கள். பீரோவைச் சுவரோடு கம்பியால் பிணையுங்கள். மொட்டை மாடியில் ஆடும் கைப்பிடிச் சுவரைச் சரிசெய்யுங்கள். இங்கே வரும் அதிர்வு இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடுகிறது, வாசலுக்கு ஓடிப்போவதற்குள் நின்றுவிடும். ஓடும்போது தலையில் விழுவது ஓடும் கைப்பிடிச் சுவரும்தான். ஆகவே ஆடும்போது மேசைக்கடியிலோ கட்டிலுக்கடியிலோ தலையைக் காத்துக்கொண்டு இருந்துவிட்டு, நின்றபின் கேஸ் சிலிண்டரையும் மெயினையும் அணைத்துவிட்டு வெளியே வருவது நல்லது. மாடியில் இருப்பவர்கள் ஆடும்போது படிக்கட்டுக்குப் போகவே கூடாது. விரிசல் புதிதாகத் தெரிந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070.

அதிர்வை உணர்ந்த நேரம், இடம், எத்தனை நொடி, எது உருண்டது என்பதை தேசிய நில அதிர்வு மையத்தின் 'பூகம்ப்' செயலியில் பதியலாம். கருவிகள் தூரத்தூரமாக இருக்கும் தமிழகத்தில், நூறு ஊர்க்காரர்கள் அனுப்பும் குறிப்புகள் அதிர்வு எங்கே பலமாக இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பதிலுக்கு, அளவு, ஆழம், மையம் மூன்றையும் மாவட்ட நிர்வாகம் அன்றைக்கே ஊராட்சி அறிவிப்புப் பலகை வரைக்கும் தமிழில் கொண்டுசேர்க்கலாம். அடுத்த ஒரு வாரத்துக்குள் பள்ளி, அங்கன்வாடி, சத்துணவுக் கூடச் சுவர்களைப் பார்வையிட்டு, எந்தக் கட்டடத்தில் என்ன கண்டார்கள் என்பதையும் அதே பலகையில் எழுதலாம்.