மதிப்பெண் போடும் கைக்கு எல்லை எது? வயதுவந்த மாணவியருக்கான சட்டம் ஊரிகத்தை எட்ட வேண்டும்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, ஊரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே எஞ்சின. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வது ஒன்று. பிள்ளைகளைப் படிக்க வைப்பது மற்றொன்று.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பெரும்பாலோர் தலித் சமூகத்தினர். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் அவரது மறைவுக்குப் பின் 1920-களில் மீண்டும் வெளிவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். கல்வியே விடுதலைக்கு வழி என்ற எண்ணம் இங்கு நேற்று முளைத்ததல்ல.

குடும்பத்தின் ஒரே நம்பிக்கை பட்டம் என்றாகும்போது, அந்தப் பட்டத்துக்குக் கையெழுத்திடும் ஆசிரியரின் அதிகாரமும் பெருகுகிறது. அந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்ற கேள்வி தில்லி, சென்னை பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஊரிகம் போன்ற சிற்றூர்களுக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு...

பள்ளி மாணவிக்கு 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் அரணாக இருக்கிறது. 18 வயது நிறைந்தவுடன் அந்த அரண் விலகுகிறது. கல்லூரி மாணவி சட்டத்தின் பார்வையில் வயதுவந்தவர். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை படைத்தவர். அந்த உரிமையைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால், தேர்வு முடிவைக் கையில் வைத்திருப்பவர் விடுக்கும் அழைப்புக்கு 'இல்லை' என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு உண்மையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், அதன் 2022-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணில் பாதி கல்லூரிக்குள்ளேயே ஆசிரியர்களால் வழங்கப்படும் அக மதிப்பீடு. செய்முறைத் தேர்வு, வருகைப் பதிவு, பரிந்துரைக் கடிதம் ஆகியவை வேறு. இத்தகைய நிலையில் பெறப்படும் சம்மதம் எப்போதும் முழுச் சம்மதம் ஆகிவிடாது.

குற்றவியல் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-வது பிரிவு, பாலியல் வன்கொடுமை புரிந்தவர் அப்பெண்ணின் ஆசிரியராக இருந்தால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் என்கிறது. அதிகாரப் பொறுப்பைத் தவறாகப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை உறவுக்கு இணங்க வைப்பது, வன்கொடுமை ஆகாவிட்டாலும், 68-வது பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

விசாகா முதல் யுஜிசி வரை

ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாற்றிய பன்வாரி தேவிக்கு 1992-ல் இழைக்கப்பட்ட கொடுமையே, 1997 ஆகஸ்ட் 13-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்புக்கு வித்திட்டது. அதன் வழிகாட்டுதலின்படி தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999-ல் மாணவர் பிரதிநிதிகளையும் கொண்ட புகார்க் குழுவை அமைத்தது. அக்குழு 2017-ல் கலைக்கப்பட்டு, உள் புகார்க் குழு அமைக்கப்பட்டபோது மாணவர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் நிறைவேறியது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய 2015-ம் ஆண்டு விதிமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவர் மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும். புகாரில் மாணவர் தொடர்புடையவராக இருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் உறுப்பினராகக் கூடாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

இவற்றுள் மிக முக்கியமானது இடைக்கால நிவாரணம். விசாரணை நடக்கும்போது, புகாருக்குள்ளானவர் புகார் அளித்தவரின் தேர்வையோ பணியையோ மதிப்பிடுவதைத் தடுக்க விதிமுறைகள் வழி செய்கின்றன. அச்சத்தின் வேர் மதிப்பெண்ணில் இருக்கிறது என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி இது.

ஏட்டில் மட்டும் இருந்தால்...

விதி இருந்தும் பயனற்றுப் போனதற்குச் சான்றுகள் குறைவில்லை. அருப்புக்கோட்டையில் மதிப்பெண்ணையும் பணத்தையும் காட்டி மாணவியரைத் தவறான பாதைக்கு அழைத்ததாக 2018-ல் எழுந்த வழக்கில், கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவருக்கு 2024 ஏப்ரலில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சென்னை கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவ, மாணவியர் போராட்டத்தில் இறங்கிய பிறகே காவல் துறை நடவடிக்கையும், ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையிலான விசாரணையும் வந்தன. குருவை எதிர்த்துப் பேசலாகாது என்ற மரபு வேரோடிய இடத்தில் புகார் எழுவதே கடினம் என்பதை அது உணர்த்தியது.

ஒடிசாவின் பாலசோரில் 2025 ஜூலையில் நிகழ்ந்ததோ நாட்டையே உலுக்கியது. ஃபகீர் மோகன் தன்னாட்சிக் கல்லூரியின் பி.எட். மாணவி, துறைத் தலைவர் மீது அளித்த புகாருக்கு நீதி கிட்டவில்லை எனக் கூறிக் கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்தார். ஜூலை 14-ல் உயிரிழந்தார். துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் கைது செய்யப்பட்டனர். உள் புகார்க் குழு அங்கும் இருந்தது. இருந்தும் ஓர் உயிரைக் காக்கவில்லை.

ஆசிரியருக்கும் அரண்

எல்லை வகுப்பது ஆசிரியர்களைச் சந்தேகிப்பதாகாது. கட்டணம் கட்ட வழியில்லாத மாணவிக்கு உதவுவதும், வீட்டுச் சூழல் கேட்டறிவதும் நல்லாசிரியரின் இயல்பு. அந்த அக்கறை பிறர் அறிய நிகழ்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை. கதவு திறந்த அறையில் சந்திப்பது, பாடச் செய்திகளைத் தனிப்பட்ட எண்ணில் அனுப்பாமல் வகுப்புக் குழுவில் பகிர்வது, உறவோ நெருக்கமோ உள்ள மாணவரின் விடைத்தாளை வேறொருவரிடம் ஒப்படைப்பது ஆகியவை ஆசிரியரையும் காக்கும். ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2015-ல் இளநிலை மாணவர்களுடன் ஆசிரியர்கள் காதல் உறவு கொள்வதைத் தடை செய்தது. ஆக்ஸ்போர்டு 2023-ல், தம் பொறுப்பில் உள்ள மாணவருடன் பணியாளர் நெருங்கிய உறவு கொள்வதற்குத் தடை விதித்தது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை உரிமை உண்டு. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் பணிநீக்கத்தை, விசாரணை அவசரகதியில் நடந்ததாகக் கூறி உச்ச நீதிமன்றம் 2023 மே 12-ல் ரத்து செய்து, மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டது. முறையற்ற விசாரணை இரு தரப்புக்கும் அநீதி. புகாரை நிரூபிக்க இயலாமல் போவது மட்டுமே அதைப் பொய்ப் புகாராக்கிவிடாது என்றும் 2013-ம் ஆண்டுச் சட்டம் தெளிவுபடுத்துகிறது.

ஊரிகத்துக்குத் தேவை

ஊரிகத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கு யுஜிசி விதிகள் பொருந்தும். ஆனால், சிற்றூர்களில் பயிற்சி என்பது கல்லூரியோடு முடிவதில்லை. தட்டச்சு, கணினி, தையல், ஓட்டுநர் பயிற்சி, போட்டித் தேர்வு வகுப்பு என இரண்டு மூன்று பேர் நடத்தும் நிலையங்களும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான பணியாளர் கொண்ட இடங்களில் உள் குழு அமைக்கக் கட்டாயமில்லை. அங்கு பாதிக்கப்படும் பெண் நாட வேண்டியது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை. வட்டத்திலும் நகராட்சியிலும் நியமிக்கப்படும் தொடர்பு அதிகாரி, பெற்ற புகாரை ஏழு நாளில் அக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். இவற்றை நாடெங்கும் நடைமுறைப்படுத்த 2024 டிசம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது.

நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. எழுத்தில் தர இயலாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை. வீட்டில் தமிழும், அலுவலகத்தில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் புழங்கும் தங்கவயலில் இந்த ஒரு வரிக்கே பெரும் மதிப்பு உண்டு.

எனவே, அந்த அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் கல்லூரி வாசலிலும், பயிற்சி நிலையச் சுவரிலும், ரயில் நிலையத்திலும் மூன்று மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். சுரங்கத்துக்குள் பல்லாயிரம் அடி ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களின் பேத்திகள் இன்று கல்லூரிப் படியேறுகிறார்கள். அவர்கள் யாருக்கும் அஞ்சாமல் பட்டத்தோடு இறங்கி வருவதை உறுதி செய்வது, சட்டம் இயற்றிய தில்லியின் பொறுப்பு மட்டுமல்ல. கோலார் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பும்தான்.