இந்தத் தண்ணீர் போகும் துறைமுகம்

குற்றாலம் ஐந்தருவியில் ஐந்தாகப் பிரிந்து இங்கே விழும் தண்ணீர் சிற்றாற்றில் ஓடி, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்தில்தான் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட, கொற்கை இன்று கடலை விட்டு விலகி நிற்கும் சிற்றூர். துறையைக் கெடுத்ததில் இந்த மலை மண்ணுக்கும் பங்கு உண்டு!

இப்போதைய துறைமுகம் கழிமுகத்துக்கு வடக்கே, தூத்துக்குடியில். 1974-இல் பெருந்துறைமுகமானது, 2011 முதல் வ.உ.சி. பெயரில் இயங்குகிறது. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டி உருவாக்கிய செயற்கைத் துறைமுகம் இது.

வரும் கப்பல் நேரே உள்ளே நுழைந்துவிட முடியாது. வெளியே நங்கூரமிட்டு, ரேடியோவில் அனுமதி கேட்டுக் காத்திருக்கும். துறைமுக பைலட் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவார். அலையில் ஆடும் படகிலிருந்து ஏணிக்குத் தாவும் அந்த நொடிதான் அவர் வேலையில் ஆபத்தானது. ஆழமும் நீரோட்டமும் அறிந்த அவர் வழி சொல்ல, இழுவைப் படகுகள் தள்ளியும் இழுத்தும் கப்பலைத் தளத்தில் அணைக்கும். கப்பலின் பொறுப்பு அப்போதும் கேப்டனுடையதே.

வெள்ளம் கூடினால் இங்கே அருவியில் குளிக்கத் தடை. புயல் வந்தால் அங்கே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். எண் 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது.